யார் கூற்று? திருமறை வாசிப்பும் தொல்காப்பியச் செய்யுளுறுப்புகளும்

தென்மாவட்டக் கடைத்தெருக்களில் நடந்து செல்வோர் கண்ணில் அடிக்கடி படும் திருமறை வசனம் ஒன்று உண்டு. தொடக்கம் எவ்வளவு சிறிதாயினும் முடிவு நிறைவாகும் என்னும் பொருளுடையது அது. மளிகைக் கடையின் பெயர்ப்பலகையிலும், அச்சகத்தின் கல்லாப்பெட்டிக்கு மேலும், ஆட்டோவின் முன்கண்ணாடியிலும், புதுமனை புகுவிழா அழைப்பிதழின் தலைப்பிலும் அது பொலிகிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையின் முடிவில் வழங்கப்பெறும் வாக்குத்தத்த அட்டைகளிலும் அதற்குத் தனி இடம் உண்டு. அடியில் ‘யோபு 8:7’ என்று குறித்திருப்பர். அவ்வாக்கை உரைத்தவர் யார் என்று வினவினால் ‘கர்த்தர்’ என்று விடை வருவதே இயல்பு. சற்றுத் தயங்குவோர் ‘யோபு’ என்பர். இரண்டும் அன்று. உரைத்தவன் சூகியனான பில்தாத்.

பில்தாத் யார் என்பதைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன் தமிழ் மாணவர் எவரும் அறிந்த ஒரு செய்தியை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும்.

தொல்காப்பியச் செய்யுளியல் தன் முதல் நூற்பாவிலேயே செய்யுளுக்குரிய உறுப்புகளாக முப்பத்து நான்கனை எண்ணிக் கூறுகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என ஓசை பற்றியவை முன்னே நிற்கின்றன. அம்மை, அழகு முதலான வனப்பு எட்டும் இறுதியில் நிற்கின்றன. இடையிலே திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், பொருள், துறை, மாட்டு எனப் பொருள்கோடற்கு வேண்டிய உறுப்புகள் வரிசையுற அமைந்துள்ளன. யாப்பு பிழைத்தால் செய்யுள் கெடும் என்று எல்லாரும் ஒப்புவர். கூற்று பிழைத்தாலும் செய்யுள் கெடும் என்பதே தொல்காப்பியர் உணர்த்தும் நுட்பம். அகப்பாடல் ஒன்றில் ‘அவன் கொடியன்’ என்று ஒரு தொடர் வருமாயின், அதனைத் தலைவி உரைத்தாளா, தோழி உரைத்தாளா, பரத்தை உரைத்தாளா என்று துணியாமல் பொருள் காண இயலாது. தோழி அதனைச் சிறைப்புறத்தானாகிய தலைவன் கேட்பச் சொல்லியிருந்தால் அது பழிப்பும் அன்று, வரைவு கடாதல். சொல் ஒன்றே. கூறுவோரும் கேட்போரும் மாறப் பொருள் தலைகீழாகிறது. இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இவ்வுறுப்புகளுக்கு உரை வகுக்கையில் இதனையே பலபடக் காட்டினர்.

சங்கப் பாடலுக்கு இவ்வளவு விழிப்போடு உரை காணும் தமிழ்க் கிறித்தவர், திருமறையைத் திறந்தவுடன் அவ்விழிப்பை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்வது வியப்புக்குரியது. கோயிலுக்கு வெளியே விட வேண்டியது காலணி, கல்வி அன்று.

இனிப் பில்தாத். யோபுவின் ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் ஒரே நாளில் வீடு இடிந்து மாண்டனர். ஆடு மாடுகளும் ஒட்டகங்களும் பறிபோயின. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொடும் பருக்கள் வாதிக்க, அவன் சாம்பலில் அமர்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். நண்பர் மூவர் வருகின்றனர்: தேமானியனான எலிப்பாஸ், சூகியனான பில்தாத், நாகமாத்தியனான சோப்பார். ஏழு பகலும் ஏழிரவும் ஒரு சொல்லும் கூறாமல் அவனோடு தரையில் அமர்ந்திருக்கின்றனர். துக்கத்தின் பெருமை அவர்கள் நாவைக் கட்டியது. அந்நூலில் அவர்கள் செய்த மிகச் சிறந்த செயல் அதுவே. பின்னர் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். நண்பர்களால் அதைப் பொறுக்க முடியவில்லை, வாய் திறக்கின்றனர்.

எட்டாம் அதிகாரம் பில்தாதின் முதல் உரை. அதன் நான்காம் வசனத்தில் அவன் யோபுவின் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறான். அவர்கள் கடவுளுக்கு எதிராகப் பாவம் செய்திருந்தால், அப்பாவத்தின் கைக்கே கடவுள் அவர்களை ஒப்படைத்துவிட்டார் என்பது அவன் கருத்து. பத்துப் பிள்ளைகளைப் புதைத்து மண்ணும் காயாத தந்தையின் முகத்துக்கு நேரே கூறப்பட்டது இது. ஐந்தாம் ஆறாம் வசனங்களில் ஒரு நிபந்தனை வருகிறது: நீ கடவுளைத் தேடினால், நீ தூயவனாய் நேர்மையாய் இருந்தால் அவர் உனக்காக எழுவார். அதனை அடுத்தே ஏழாம் வசனம், அதாவது பெயர்ப்பலகை வசனம் வருகிறது. பிள்ளைகளின் சாவுக்குக் காரணம் கற்பித்த வாய் மூன்று வசனம் தள்ளி வளவாழ்வு வாக்களிக்கிறது. நீ தூயவனாயின் வளம் பெறுவாய். இப்போது வளம் இழந்து கிடக்கிறாய். ஆகவே நீ தூயவன் அல்லன். அவன் சொல்லாமல் சொன்னது இதுவே. பலகையில் எழுதியோர் நிபந்தனையையும் விட்டனர், பிள்ளைகளையும் விட்டனர்.

நூலின் முடிவில் கடவுளே தீர்ப்பளிக்கிறார். 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில், எலிப்பாஸையும் அவன் தோழர் இருவரையும் நோக்கி, தம் அடியான் யோபு பேசியது போல் அவர்கள் தம்மைப் பற்றிச் செம்மையாகப் பேசவில்லை என்று சினந்து உரைக்கிறார். ஆக, நூலின் தலைவராகிய கடவுள் ஒப்பாத ஒருவனது உரையிலிருந்து எடுத்த வரியே கடவுளின் வாக்குறுதியாகக் கடைதோறும் தொங்குகிறது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம், எழுப்புவதே முறை. பில்தாத் சொன்னது இறுதியில் பலித்ததன்றோ? யோபுவின் பின்னிலைமையைக் கர்த்தர் முன்னிலைமையினும் மிகுதியாக ஆசீர்வதித்தார் என்று அதே 42ஆம் அதிகாரம் கூறுகிறதே! மேலும் எலிப்பாஸ் ஐந்தாம் அதிகாரத்தில் கூறும் ஒரு தொடரை, ஞானிகள் தம் சூழ்ச்சியிலேயே அகப்படுவர் என்னும் கருத்துடையதை, பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் மறைவாக்காகவே எடுத்தாள்கிறாரே! நண்பர் உரை முழுதும் பொய்யென்று தள்ள இயலுமா?

தள்ள இயலாது. அதுவே அந்நூலின் ஆழம். நண்பர் மூவரும் பொய் பேசவில்லை. பொது உண்மையைப் பேசினர். நீதிமொழிகளிலும் திருப்பாடல்களிலும் வருவன போன்ற அறவுரைகளே அவர்கள் வாயில் வருகின்றன. பொது உண்மையை, அதற்கு உரியதல்லாத களத்தில், உரியரல்லாத ஒருவர்மேல் ஏற்றியதே பிழை. களவழுவும் கால வழுவும் கூடிய வாய்மை அது. பில்தாதின் சொல் பலித்தது உண்மை. அவன் காட்டிய வழியாகப் பலிக்கவில்லை. யோபு தான் செய்யாத பாவத்தை ஒப்புக்கொண்டதனால் வாழ்வு திரும்பவில்லை. ஒப்புக்கொள்ள மறுத்தவனுக்கே திரும்பியது.

நண்பர்கள் இவ்வழியில் எவ்வளவு தூரம் சென்றனர் என்பதை எலிப்பாஸின் மூன்று உரைகளையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் தெரியும். நான்காம் அதிகாரத்தில் பேசத் தொடங்குகையில், யோபு தளர்ந்த கைகளைத் திடப்படுத்தியவன், தள்ளாடியவர்களை நிலைநிறுத்தியவன் என்று அவனே சான்று பகர்கிறான். இருபத்திரண்டாம் அதிகாரத்தில் அதே எலிப்பாஸ், யோபு விடாய்த்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காதவன், ஏழையின் ஆடையை உரிந்தவன், விதவையை வெறுங்கையாய் அனுப்பியவன் என்கிறான். இடையில் புதிய செய்தி எதுவும் அவனுக்குக் கிட்டவில்லை. அவனுடைய கொள்கைக்கு யோபுவின் வாழ்வு இடையூறாயிற்று. ஆகவே வாழ்வைத் திருத்தி எழுதினான். பதின்மூன்றாம் அதிகாரத்திலேயே யோபு இதை முன்னுணர்ந்து, கடவுளுக்காகப் பொய் பேசுவீர்களோ என்று நண்பர்களைக் கேட்டிருந்தான். இறைவனைக் காப்பாற்ற அயலான்மேல் பழி சுமத்துவது பத்திமான்களுக்கு நேரும் தனிச் சோதனை.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கல் அன்று. 2004 டிசம்பர் 26, கிறித்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான ஞாயிறு. அன்று கடல் பொங்கியபோது குமரி, நாகை மாவட்டக் கரையோரக் கிறித்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணியரும் மாண்டனர். அத்தகைய வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் செல்வோர் கையில் திருமறை இருக்கும். எந்தப் பக்கத்தைத் திறப்பது, யாருடைய கூற்றை வாசிப்பது என்பது அங்கே இலக்கியக் கேள்வியாக நிற்பதில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெண்மர் இறந்ததைக் குறித்து, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரினும் பெரும் பாவிகள் அல்லர் என்று இயேசு கூறியதை லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் பதிந்துள்ளார். பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று வினவிய சீடர்க்கும் யோவான் நற்செய்தியில் அதே மறுப்புத்தான் கிடைக்கிறது. ஆயினும் துக்க வீட்டில் பில்தாதே முந்திக்கொள்கிறான். அவன் வசனம் மனப்பாடமாக இருப்பது ஒரு காரணம்.

திருமறையின் சொல்லே தவறான வாயில் அமரக்கூடும் என்பதற்கு நற்செய்தி நூலே சான்று தருகிறது. பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்த அலகை, தேவாலய உப்பரிகையில் அவரை நிறுத்தி, கீழே தாழக் குதிக்கும்படி தூண்டும்போது 91ஆம் திருப்பாடலை மேற்கோள் காட்டுகிறது. தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் இரவு மன்றாட்டின்போது பிள்ளைகள் சொல்லக் கேட்கும் பாடல் அது. சொல்லில் பிழையில்லை, கூற்றில் பிழை. இயேசுவின் மூன்று விடைகளும் உபாகமத்தின் ஆறாம் எட்டாம் அதிகாரங்களிலிருந்து வருகின்றன. அவை இசுரவேலர் நாற்பதாண்டு பாலையில் அலைந்த வரலாற்றை நினைவூட்டும் பகுதிகள். நாற்பது நாள் பசித்திருந்தவர் நாற்பதாண்டுப் பாலையைத் திறந்து விடை கூறுகிறார். வசனத்துக்கு வசனம் எதிர்வைத்த வாதப்போர் என்று இதனைக் கொள்வது மேலோட்டம். ஒருவர் வசனத்தைப் பெயர்த்தெடுக்கிறார். மற்றவர் அதன் களத்தில் நின்று பேசுகிறார். வேறுபாடு அங்கே உள்ளது.

வாக்குத்தத்த அட்டைகளுள் யோபு 8:7க்கு இணையாகப் புகழ்பெற்றது எரேமியா 29:11. உங்கள்மேல் கொண்டுள்ள எண்ணங்கள் தீங்கிற்கானவை அல்ல, நல்வாழ்வுக்கானவை என்று கர்த்தர் கூறுவதாக அமைந்தது. இங்கே கூற்றில் வழு இல்லை, கூறுபவர் கர்த்தரே. கேட்போரும் களனும் காலமும் மறக்கப்படுகின்றன. கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் குடிகளில் தலைமையானோரையும் கைவினைஞரையும் சிறைபிடித்துச் சென்றான். அவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதியனுப்பிய கடிதத்தின் ஒரு வரி இது. அக்கடிதத்துக்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி தோன்றி, இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகும், கொள்ளைபோன ஆலயப் பணிமுட்டுகள் யாவும் திரும்பும் என்று மக்கள் மகிழப் பேசுகிறான். எரேமியா அதை மறுக்கிறார். இரண்டாண்டு அன்று, எழுபது ஆண்டு என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், மணம் செய்து பிள்ளை பெறுங்கள், உங்களைச் சிறைபிடித்த நகரத்தின் நலத்துக்காக வேண்டுங்கள் என்று எழுதுகிறார்.

எழுபது ஆண்டு என்றால் கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பமாட்டார்கள். நல்ல எதிர்காலம் உண்டு. அது உன் பேரனுக்கு. நீ இந்த மண்ணிலேயே கத்தரிக்காய் பயிரிடு. இதுவே அக்கடிதத்தின் கடினமான ஆறுதல். விரைந்து கிட்டும் நன்மையை வாக்களித்தவன் அனனியா. அவ்வாக்கை மறுக்க எழுந்த வரியை இன்று அனனியாவின் பொருளில் ஓதுகின்றனர்! இந்த ஆண்டே வேலை கிடைக்கும், இந்த ஆண்டே வீடு அமையும் என்று அவ்வரியைக் கொண்டு உறுதி கூறுவது எரேமியாவின் கடிதத்தில் அனனியாவின் கையெழுத்தை இடுவதாகும்.

மாட்டு என்னும் உறுப்புக்கு வருவோம். பொருளால் தொடர்புடைய சொற்கள் அகன்று கிடப்பினும் அணுகிக் கிடப்பினும் அவற்றைக் கொண்டுவந்து பொருத்திப் பொருள் முடித்தல் மாட்டு. நெடும்பாட்டுகளில் பல அடி தள்ளி நிற்கும் சொல்லை நச்சினார்க்கினியர் எப்படி இழுத்து வந்து கூட்டுகிறார் என்பதைப் பத்துப்பாட்டு உரையில் காணலாம். சில இடங்களில் அவர் இழுக்கும் இழுப்பு மிகையென்று பிற்காலத்தார் குறைகூறியதும் உண்டு. யோபு நூலில் அந்த இடர்ப்பாடு இல்லை. சொல்லே மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறது. ‘கின்னாம்’ என்னும் எபிரேயச் சொல்லுக்குக் காரணமின்றி, பயன்கருதாது, வெறுமனே என்று பொருள். முதலதிகாரத்தில் சாத்தான் அதை ஆள்கிறான்: யோபு கடவுளுக்கு அஞ்சுவது பயன் கருதாமலா? இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் அச்சொல்லையே திருப்பிக் கூறுகிறார்: காரணமின்றி அவனை அழிக்க நீ என்னைத் தூண்டினாய். ஒன்பதாம் அதிகாரத்தில் விண்ணவை உரையாடலை அறியாத யோபு, காரணமின்றி என் காயங்களைப் பெருக்குகிறார் என்று அதே சொல்லால் அலறுகிறான். இருபத்திரண்டில் எலிப்பாஸ், காரணமின்றி நீ உன் சகோதரரிடம் அடகு வாங்கினாய் என்று அதையே குற்றச்சாட்டாக்குகிறான். நால்வர் வாயில் ஒரு சொல். பயன் கருதாத அன்பு உண்டா என்பது சாத்தானின் ஐயம். காரணமில்லாத துன்பம் உண்டு என்பது யோபுவின் கண்டறிவு. கடவுளும் அதை ஒத்துக்கொண்டார். இவ்விரண்டும் ஒரே சொல்லின் இருபுறங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு முதலிடத்தில் ‘விருதா’ என்றும் அடுத்த இடத்தில் ‘முகாந்தரமில்லாமல்’ என்றும் இடத்துக்கேற்ப மாற்றியதால் கண்ணி அறுந்தது. மொழிபெயர்த்தோரைக் குறைகூற இயலாது. இரண்டு இடத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் தமிழில் எளிதில் அமையாது.

இன்னொரு சொல் ‘கோயேல்’. பத்தொன்பதாம் அதிகாரத்தில் யோபு தன் மீட்பர் உயிரோடிருப்பதாக அறிக்கையிடும் புகழ்பெற்ற இடத்தில் வருவது. கல்லறைத் தோட்டங்களில் பொறிக்கப்பெறும் வசனம். அதே எபிரேயச் சொல் ரூத்து நூலில் போவாசைக் குறிக்கையில் தமிழில் ‘சுதந்தரவாளி’ ஆகிறது. எண்ணாகமத்தில் கொலையுண்டவனுக்காகப் பழிவாங்கும் உறவினனைக் குறிப்பதும் அதுவே. நிலத்தை இழந்தவனுக்காக அதை மீட்பவன், அடிமையாய் விலைபோனவனை விடுவிப்பவன், வாரிசின்றி இறந்தவன் பெயரைக் காப்பவன், சிந்திய இரத்தத்துக்கு நியாயம் கேட்பவன் எல்லாம் அந்த ஒரு நெருங்கிய உறவினன்தான். யோபு பத்தொன்பதாம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னே தன் உறவினர் அனைவரும் தன்னைக் கைவிட்டதை வரிசைப்படுத்துகிறான்: சகோதரர் விலகினர், வேலைக்காரர் அந்நியனாய் எண்ணினர், மனைவிக்கும் அவன் மூச்சு வெறுப்பாயிற்று. உறவு அனைத்தும் அற்ற நிலையில், தனக்கு ஓர் உறவினன் உளன் என்கிறான். அவ்வுறவினன் கிறித்துவே என்று கொள்வது திருச்சபையின் தொன்மையான வாசிப்பு. உறவற்றவனின் உறவு என்னும் பொருளை அதற்குமுன் உணர்ந்தவர்க்கே அவ்வாசிப்பு முழுமையாகச் சுவைக்கும். சீகன்பால்கு தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கிக்கொண்டு வந்து 1719இல் மறைந்தபோது அவர் பணி ரூத்து நூலளவில் நின்றிருந்தது. போவாசைத் தமிழில் பேசவைத்தவர் யோபுவிடம் வந்து சேரவில்லை.

எச்சம் மிகவும் நுண்ணியது, சொல்லாமல் விட்டது. யோபுவின் மனைவி நூலில் ஒரே ஒருமுறை பேசுகிறாள். அவ்வொரு கூற்றுக்காக அவளை அலகையின் கையாள் என்று பழித்தோர் பலர். அவளது தொடரில் எபிரேய மூலத்தில் நிற்கும் வினை, பிற இடங்களில் ‘வாழ்த்து’ என்று பொருள்படுவது. கடவுளைப் பழிப்பதை வாயால் எழுத அஞ்சி, மங்கல வழக்காக அவ்வாறு எழுதினர் என்று கொண்டு பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் ‘பழித்து’ என்று பெயர்த்தன. கொள்ளலாம். ஆயினும் எழுத்தில் நிற்பது வாழ்த்தே. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் நூல் அவளுக்கு நீண்ட பேச்சு ஒன்றை அளிக்கிறது. கூலிக்காகத் தான் வீடுவீடாய் அலைவதையும், வீணாகப் போன தன் மகப்பேற்று நோவையும் அங்கே அவள் கூறுகிறாள். பத்துப் பிள்ளைகளை இழந்தவள் அவளுந்தானே என்று யாரோ ஒரு பழைய மொழிபெயர்ப்பாளர்க்குத் தோன்றியிருக்கிறது. அந்த அளவு இரக்கம் பிற்கால உரையாசிரியர் பலர்க்குத் தோன்றாமற் போனது வருந்தத்தக்கது.

நாற்பத்திரண்டாம் அதிகாரத்து ஆறாம் வசனமோ இன்றளவும் அறிஞரை அலைக்கழிப்பது. சூறைக்காற்றிலிருந்து கடவுள் பேசி முடித்தபின் யோபு கூறும் கடைசிச் சொற்கள் அவை. ‘வெறுக்கிறேன்’ அல்லது ‘விட்டுவிடுகிறேன்’ என்னும் வினைக்குச் செயப்படுபொருள் மூலத்தில் இல்லை. தன்னை வெறுத்தானா, தன் வழக்கைக் கைவிட்டானா என்பது எச்சமாக நிற்கிறது. அடுத்த வினைக்கு மனம் வருந்துதல், ஆறுதல் அடைதல் என இரு பொருளும் உண்டு. தூளிலும் சாம்பலிலும் இருந்து வருந்துகிறான் என்பது மரபான மொழிபெயர்ப்பு. தூளும் சாம்பலுமாகிய மனித நிலைமையைக் குறித்து ஆறுதல் பெற்றான் என்று கொள்வோரும் உளர். நூல் முழுதும் ஆறுதல் கூற வந்து வருத்திய நண்பர்களைக் கண்ட வாசகர்க்கு, இறுதியில் ஆறுதல் என்னும் அச்சொல் கடவுளின் முன்னிலையில் வருவது பொருள் நிறைந்தது.

தமிழர் யோபுவை அரிச்சந்திரனோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை பொருத்தமே. இரண்டும் விண்ணவையில் எழுந்த வாதத்தில் தொடங்குகின்றன, இரண்டிலும் நல்லவன் அனைத்தும் இழக்கிறான், இழந்தவை மீள்கின்றன. ஆனால் அரிச்சந்திரன் வழக்காடுவதில்லை. யோபு முப்பத்தைந்து அதிகாரங்களுக்குமேல் நீளும் வாதத்தின் நடுவே கடவுளையே நீதிமன்றத்துக்கு அழைக்கிறான். முப்பத்தோராம் அதிகாரத்தில் தன் குற்றமின்மையைப் பட்டியலிட்டு, இதோ என் கையொப்பம், என் எதிராளி தன் வழக்கை எழுதித் தரட்டும் என்கிறான். சிலம்போடு வந்து நின்ற கண்ணகியை ஈண்டு நினையாமல் இருக்க முடியாது. அரிச்சந்திரனின் பொறுமையையே யோபுவிடம் தேடுவோர் முதலிரண்டு அதிகாரங்களோடு நின்றுவிடுகின்றனர். கடவுள் ‘செம்மையாகப் பேசினான்’ என்று பாராட்டிய யோபு, இவ்வளவும் வாதாடிய யோபு என்பதை மறத்தலாகாது. பெருநாட்டின் ஏழைகளிடையே பணிசெய்து 2024இல் மறைந்த குஸ்தாவோ குத்தியேரெஸ், யோபுவைப் பற்றி 1986இல் வெளியிட்ட நூலில், குற்றமற்றோர் துன்புறுகையில் கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதையே தலையாய வினாவாக்கினார். அது பில்தாத் கேட்காத வினா.

இவ்வாறெல்லாம் கூற்றும் களனும் ஆராய்ந்து வாசித்தால் பத்தி வறண்டுபோகாதோ என்று அஞ்சுவோர் உளர். அவர்கள் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. ஆராய்ச்சியே வாசிப்பாகிவிட்ட அறிஞரையும் உலகம் கண்டுள்ளது. ஆயினும் கிறித்தவ மரபே இவ்விரண்டையும் பிரித்ததில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ, மறைவாசிப்பை வாசிப்பு, தியானம், மன்றாட்டு, காட்சி என நான்கு படிகளாக வகுத்தார். வாசிப்பு உணவை வாயிலிடுகிறது, தியானம் அதை மென்று நொறுக்குகிறது என்பது அவர் காட்டிய உவமை. மெல்லாமல் விழுங்கியது உடலில் சேராது. முதல் திருப்பாடலில் ‘தியானம்’ என்று தமிழில் வரும் எபிரேய வினை, ஏசாயா நூலில் இரையைப் பற்றிய சிங்கம் அதன்மேல் நின்று உறுமுவதற்கும் ஆளப்பட்டுள்ளது. தியானம் என்றதும் கண்மூடிய அமைதியை எண்ணுவோர்க்கு இவ்வுறுமல் சற்றே திகைப்பூட்டும். எலும்பை விடாது பற்றி, முன்னும் பின்னும் புரட்டி, அதன் உள்ளீடு வரை செல்லும் வாசிப்பு அது. அகஸ்தீன் அடிகளோ, திருமறையை உணர்ந்ததாக எண்ணும் ஒருவரிடம் அவ்வுணர்வு இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்கவில்லையெனில் அவர் இன்னும் உணரவே இல்லை என்றார். அவ்வளவுகோலில் நிறுத்தினால் எலிப்பாஸின் மூன்று உரைகளும் மறைநூல் அறிவாகவே எண்ணப்படா.

நூலின் முடிவுக்கு வந்தால் அங்கேயும் ஒரு கணக்கு உறுத்துகிறது. ஏழாயிரம் ஆடுகள் பதினாலாயிரம் ஆயின. மூவாயிரம் ஒட்டகங்கள் ஆறாயிரம் ஆயின. ஏர்மாடும் கழுதையும் இரட்டித்தன. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. மீண்டும் ஏழு புதல்வர், மூன்று புதல்வியர். முதலில் இறந்தவர்கள் கடவுளிடத்தில் உயிரோடிருப்பதால் மொத்தம் இரட்டிப்பாயிற்று என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. இறந்த பிள்ளைக்கு மாற்றுப் பிள்ளை கணக்காகாது என்று நூலாசிரியர் குறிப்பால் உணர்த்தினார் எனக் கொள்ளவும் இடமுண்டு. புதல்வர் ஏழுபேர்க்கும் பெயர் கூறப்படவில்லை. எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புகு எனப் புதல்வியர் மூவர்க்கே பெயர் கூறப்பட்டு, சகோதரர் நடுவே அவர்களுக்கும் தந்தை உரிமைப் பங்கு கொடுத்தான் என்ற செய்தியும் தரப்படுகிறது. துன்பத்துக்கு முன் அவ்வீட்டில் அப்படி ஒரு பங்கீடு நடந்ததாகச் செய்தி இல்லை.

இவை யாவற்றுக்கும் முன்னதாக ஒரு வசனம் நிற்கிறது. யோபுவின் நிலை மாறிய காலத்தை நூல் திட்டமாகக் குறிக்கிறது: அவன் தன் நண்பர்களுக்காக வேண்டுதல் செய்தபோது. எலிப்பாஸும் பில்தாதும் சோப்பாரும் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் ஓட்டிக்கொண்டு அவனிடம் வருகின்றனர். அவன் உடலில் பருக்கள் இன்னும் ஆறியதாக நூல் கூறவில்லை, பிள்ளைகள் பிறக்கவில்லை, ஆடுகள் வந்து சேரவில்லை. தன் பிள்ளைகளின் சாவுக்குப் பாவம் கற்பித்தவன் முன்னே நிற்கிறான். அவனுக்காக யோபு வேண்டினான். என்ன சொல்லி வேண்டினான் என்பது எழுதப்படவில்லை.